கடவுள் உண்டு என்னும் வாதத்தைப் பிரித்துப் பார்க்கும் முறை

தைப்பூசத்தன்று சிங்கப்பூரின் டேங்க் ரோடு முருகன் கோயிலிலிருந்து வீடு திரும்பும் வழியில், தொடக்கக் கல்லூரியில் படிக்கும் பிள்ளை "கடவுள் இருக்கிறார் என்பதற்கு என்ன சான்று?" என்று கேட்டால், அதட்டாமல் ஒரு தாளை எடுத்து, வாதத்தை உறுப்பு உறுப்பாக எழுதச் சொல்லுங்கள். மணிமேகலையின் 29ஆம் காதை அதற்கு வழி காட்டுகிறது: நிறுவ வேண்டியது பக்கம், காரணம் ஏது, எடுத்துக்காட்டு திட்டாந்தம். அதாவது, மலையில் நெருப்புண்டு, புகை இருப்பதால், அடுக்களையைப் போல. (பெரியவர்கள் உடனே "அகர முதல" குறளைச் சொல்வார்கள், அதில் அழகான உவமை உண்டு, ஏது இல்லை.)

இந்தியத் தருக்கப் பள்ளியான நியாய மரபினரின் வாதத்தை இப்படி எழுதலாம்: உலகுக்கு அறிவுடைய கர்த்தா (செய்தவர்) உண்டு, அது காரியமாக (உண்டாக்கப்பட்ட பொருளாக) இருப்பதால், குடத்தைப் போல. இனி ஏதுவில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடியில் பக்கத்து வீட்டு வாசலில் கோலத்தைக் கண்டால், புள்ளி வைத்த கையை நாம் பார்க்காவிட்டாலும் யாரோ போட்டது என்று அறிகிறோம். அதே நடைபாதைச் சுவரில் மழைநீர் கசிந்து படர்ந்த கறைக்கும் ஒரு வடிவம் இருக்கிறது, ஆனால் அதை யாரும் வரையவில்லை. மண்ணின் திரிபு என்பதால் குடத்தைக் குயவன் செய்தான் என்றால், கறையான் புற்றையும் குயவன்தான் செய்தானா என்று 7ஆம் நூற்றாண்டுப் பௌத்தரான தர்மகீர்த்தி கேட்டது இதைத்தான். இதே வாதத்தை ஆராய்ந்து 1779இல் வெளிவந்த, ஸ்காட்லாந்து மெய்யியலாளர் ஹியூமின் உரையாடல்களே அதிகம் பேசப்பட்டாலும், கூர்மை இந்தப் புற்றுக்கே அதிகம் என்பது என் எண்ணம். யாரும் செய்யக் காணாத விதைமுளையும் மலையும், கர்த்தா உண்டா என்று இங்கே விவாதத்தில் இருக்கும் பொருள்களே, ஆகவே அவற்றையே எதிர்ச்சான்றாகக் காட்ட முடியாது என்று நியாயர்கள் மறுமொழி சொன்னார்கள். அது நேர்மையான விடையா, நழுவலா என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும்.

1078 வாக்கில் கிறித்துவத் துறவி அன்செல்ம், கடவுள் என்ற கருத்திலிருந்தே கடவுளை நிறுவ முயன்ற வாதத்துக்கு, இருத்தல் ஒரு பண்பன்று என்ற ஜெர்மானிய மெய்யியலாளர் காண்டின் மறுப்பை மட்டும் பக்கத்தில் குறித்துக்கொண்டால் முதல் நாளுக்குப் போதும்.

கடைசியாக, முடிவு எவ்வளவு தூரம் போகிறது என்று அளந்து பாருங்கள். கர்த்தா உண்டு என்பதாலேயே அவர் ஒருவர்தான் என்று ஆகிவிடாது. ஓர் அடுக்குமாடியைப் பல நூறு பேர் சேர்ந்துதானே கட்டுகிறார்கள்? சைவ சித்தாந்த நூலான சிவஞானபோதத்தின் முதல் சூத்திரம், உலகம் எதில் ஒடுங்குகிறதோ அதிலிருந்தே மீண்டும் தோன்றுகிறது என்று சொல்லி, ஒடுக்கும் கடவுளையே முதலாகக் காட்டுகிறது. நியாயர்களோ, ஒருவர் போதுமானால் பலரைக் கொள்ள வேண்டியதில்லை என்று சிக்கனத்தைக் காரணம் காட்டுகிறார்கள். இவை இரண்டும் முந்தைய வாதத்துக்குள் அடங்காதவை என்பதால், தாளின் மறுபக்கத்தில் தனித்தனி ஏதுவோடு எழுதச் சொல்லுங்கள்.