வினாவிலிருந்து பாடத்துக்கு: பயிற்சி ஆசிரியர்கள் ஒரு பாடவேளையைத் திட்டமிடும் முறை

பி.எட். படிப்பின் கற்பித்தல் பயிற்சிக்காகச் சேலம் நகரப் பள்ளிக்கோ ஏற்காட்டு மலைமேல் உள்ள நடுநிலைப் பள்ளிக்கோ முதன்முறையாகச் செல்லும் மாணவ ஆசிரியர்களுக்காக இதை எழுதுகிறேன். பாடத்திட்ட ஏட்டில் மதிப்பீட்டுக்கான கட்டம் பெரும்பாலும் கடைசியில் இருப்பதால், ஊக்கப்படுத்துதல் (பாடத்தின் மீது ஆர்வமூட்டும் தொடக்கப் பகுதி), துணைக்கருவி, கரும்பலகைச் சுருக்கம் ஆகியவற்றையெல்லாம் நிரப்பிய பிறகு, மிஞ்சிய இடத்தில் "வினாக்கள் கேட்டு மதிப்பிடுதல்" என்று எழுதிவிடுகிறோம். அந்த வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதே என் வேண்டுகோள். பாடம் முடிந்ததும் மாணவர் எந்த வினாவுக்கு விடை எழுத வேண்டும் என்பதை முதலில் முடிவு செய்துவிட்டால், பாடத்தின் மற்ற பகுதிகள் தாமாகவே அதை நோக்கி அமையத் தொடங்கும்.

ஏழாம் வகுப்புக் கணக்கிலிருந்து தசம எண்களை ஒப்பிடுதல் என்ற ஒரே ஒரு பாடவேளையை எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு படியாகப் பார்ப்போம்.

படி 1: கற்றல் விளைவை ஒரே வாக்கியத்தில் எழுதுதல்

"மாணவர்கள் தசம எண்களைப் புரிந்துகொள்வர்" என்று எழுதினால், புரிந்துகொண்டார்களா என்பதை எதைப் பார்த்து அறிவது? கண்ணால் காணத்தக்க செயலாக எழுதுங்கள்: "இடமதிப்பைக் காரணமாகக் காட்டி, இரண்டு தசம எண்களில் பெரியதைக் கண்டறிவர்." கற்றல் நோக்கங்களை ஆறு நிலைகளாகப் பிரித்துப் புளூம் 1956இல் வெளியிட்டு, 2001இல் திருத்தப்பட்ட வகைப்பாட்டில் உள்ள வினைச்சொற்கள் இதற்கு உதவும். ஆனால் அந்த ஆறு நிலைகளையும் ஒரே பாடவேளையில் தொட வேண்டும் என்ற கட்டாயம் எதுவும் இல்லை. ஒரு பாடவேளைக்கு ஒரு விளைவு போதும்.

படி 2: மதிப்பீட்டு வினாக்களை உருவாக்குதல்

திட்டமிடலுக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை இந்தப் படிக்குக் கொடுங்கள்.

"4.63, 4.8 ஆகியவற்றில் எது பெரியது?" என்று கேட்டால், ஒரு சாரார் 4.63 என்பார்கள். புள்ளிக்குப் பின்னால் உள்ளதை முழு எண்ணாகக் கொண்டு, 63 என்பது 8ஐ விடப் பெரியது என்று முடிவு செய்திருப்பார்கள். "நாலு புள்ளி அறுபத்து மூன்று" என்று வாசிக்கும் பழக்கமும் இந்தப் பிழையை வளர்ப்பதால், வகுப்பில் "நான்கு புள்ளி ஆறு மூன்று" என்றே வாசியுங்கள்.

4.8 என்று சரியாக எழுதிய அனைவருக்கும் பாடம் புரிந்துவிட்டது என்றும் கொள்ள முடியாது. ஆயிரத்தில் ஒரு பங்கு பத்தில் ஒரு பங்கை விடச் சிறியது என்பதை அரைகுறையாக நினைவில் வைத்துக்கொண்டு, புள்ளிக்குப் பின் இலக்கங்கள் குறைவாக உள்ள எண்தான் எப்போதும் பெரியது என்று கருதும் மாணவரும் இதே விடையைத்தான் எழுதுவார். தவறான காரணத்தால் கிடைத்த சரியான விடைக்கு நாம் மதிப்பெண் கொடுத்துவிடுவோம். அடுத்த பாடத்தில் அவர் தடுமாறும்போது காரணம் நமக்கு விளங்காது.

ஆகவே வினாக்களை ஒன்றையொன்று சரிபார்க்கும்படி அமைக்க வேண்டும். இரண்டாவது வினாவாக 5.736, 5.62 ஆகியவற்றைக் கொடுங்கள். இலக்கம் குறைந்தால் பெரியது என்று நினைப்பவர் இங்கே 5.62 என்று எழுதி வெளிப்படுவார். முழு எண்ணாக வாசிப்பவரோ இங்கே தற்செயலாகச் சரியாக எழுதிவிடுவார். மூன்றாவதாக 2.08, 2.7. சுழியத்தின் இடத்தைப் பொருட்படுத்தாதவர், 8 என்பது 7ஐ விடப் பெரியது என்று கொண்டு 2.08 என்பார். நான்காவதாக 3.5, 3.50 இரண்டும் சமமா என்று கேட்டு, ஒரு வரியில் காரணம் எழுதச் சொல்லுங்கள். இந்த நான்கையும் சேர்த்துப் பார்த்தால்தான், ஒரு மாணவர் எவ்வாறு சிந்திக்கிறார் என்பது தெரியவரும். இவ்வகை வினாக்களைத் தொகுத்து அமைப்பதையே குறையறி சோதனை என்று பாடநூல்களில் படித்திருப்பீர்கள்.

படி 3: பாடத்தை அமைத்தல்

மாணவர்களின் வீட்டுச் சூழலிலிருந்து எடுத்துக்காட்டு தேட வேண்டும் என்பது சரியான அறிவுரை. சேலம் செவ்வாய்பேட்டைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு வெள்ளிக் கொலுசின் எடையும், ஏற்காட்டுப் பிள்ளைகளுக்குக் காப்பிப் பழ மூட்டையின் எடையும் தெரிந்த செய்திகள். ஆனால் இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். மின்னணுத் தராசு 4.5 கிலோவை 4.500 என்றும், 4.35 கிலோவை 4.350 என்றும் காட்டும். இலக்கங்களின் எண்ணிக்கை சமமாக இருப்பதால், 500, 350 என்று முழு எண்களாக ஒப்பிடுபவருக்கும் சரியான விடையே கிடைக்கும். விலைகளும் அப்படித்தான், பைசாவுக்கு எப்போதும் இரண்டு இலக்கம் எழுதுவதால் சிக்கல் வெளியே தெரியாமல் போய்விடும். எனவே கையால் எழுதிய எடைச் சீட்டுகளைத் தயாரித்து, ஒன்றில் 4.5 என்றும் மற்றொன்றில் 4.35 என்றும் எழுதிக் கொடுத்து, எந்த மூட்டை கனமானது என்று கேளுங்கள். விவாதம் உடனே தொடங்கும். பெற்றோரின் கூலியை மட்டும் கணக்காக்க வேண்டாம்; தங்கள் வீட்டு வருமானம் வகுப்பில் பேசுபொருளாவதை எந்தப் பிள்ளையும் விரும்பாது.

45 நிமிடப் பாடவேளையில் இந்த விவாதத்துக்கு ஏழெட்டு நிமிடங்கள் போதும். மழையும் மூடுபனியும் உள்ள நாள்களில் மலைப் பள்ளிகளுக்குப் பிள்ளைகள் தாமதமாக வந்து சேரக்கூடும் என்பதால், முதல் பாடவேளையாக இருந்தால் புதிய கருத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடாதீர்கள். அடுத்து, பத்துக்குப் பத்து கட்டம் வரைந்த தாளில் 0.4க்கு 40 கட்டங்களையும் 0.35க்கு 35 கட்டங்களையும் வண்ணமிடச் செய்யுங்கள். இதற்கு இருபது நிமிடம் ஆனாலும் பரவாயில்லை. அதன் பிறகே இடமதிப்பு அட்டவணையைக் கரும்பலகையில் வரைந்து, பத்தில் ஒன்றாம் இடத்தை முதலில் ஒப்பிட வேண்டும் என்ற முடிவை மாணவர்களிடமிருந்தே வரவழைக்க வேண்டும்.

எண்ணின் இறுதியில் சுழியம் சேர்த்து 4.80, 4.63 என்று எழுதி ஒப்பிடும் குறுக்குவழியைத் தொடக்கத்திலேயே சொல்லித்தர பலருக்கும் ஆசை வரும். பொருள் விளங்கிய பின்னர் அது நல்ல கருவி. அதற்கு முன்னர் அது பிழையை மறைக்கும் திரை மட்டுமே.

படி 4: துண்டுச் சீட்டில் விடை பெறுதல்

கடைசி ஏழு நிமிடங்களில் படி 2இல் எழுதிய நான்கு வினாக்களையும் கரும்பலகையில் எழுதி, கால் தாளில் விடை வாங்குங்கள். "புரிந்ததா?" என்று கேட்டு, "புரிந்தது" என்ற கூட்டுக் குரலைப் பெறுவது மதிப்பீடு ஆகாது. மதிப்பெண் இல்லை என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டால், பக்கத்துத் தாளைப் பார்த்து எழுதும் பழக்கம் கணிசமாகக் குறையும்.

படி 5: பிரித்து அடுக்குதல்

சீட்டுகளை மதிப்பெண் வரிசையில் அல்லாமல் பிழையின் வகைப்படி அடுக்குங்கள். முதல் வினாவில் தவறி இரண்டாவதில் சரியாக எழுதியோர் ஓர் அடுக்கு. அதற்கு நேர்மாறாக எழுதியோர் மற்றோர் அடுக்கு. மூன்றாவதில் மட்டும் தவறியோர் இன்னோர் அடுக்கு. முதல் பிரிவினருக்குக் கட்டத்தாள் மீண்டும் தேவை. இரண்டாம் பிரிவினர் 0.736 என்பதை ஏழு பத்தில் ஒன்றுகள், மூன்று நூறில் ஒன்றுகள், ஆறு ஆயிரத்தில் ஒன்றுகள் எனப் பிரித்து எழுதிப் பழக வேண்டும். மூன்றாம் பிரிவினருக்கு இடமதிப்பு அட்டவணையே போதும். எல்லாருக்கும் பாடத்தை முதலிலிருந்து திரும்ப நடத்துவதைக் குறைதீர் கற்பித்தல் என்று சொல்ல முடியாது.

தொடக்க நிலையில் பயிற்சி பெறுவோர், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் மாணவர்கள் அரும்பு, மொட்டு, மலர் என்று கற்றல் நிலைப்படி பிரிக்கப்படுவதைக் கண்டிருப்பார்கள்; நாம் செய்வதும் அதற்கு நெருங்கிய வேலைதான், பிழையின் வேரை இன்னும் கொஞ்சம் உற்று நோக்குகிறோம்.

மதிப்பெண் எங்கே வரும் என்று கேட்கலாம். 2012-13இல் முப்பருவ முறையோடு வந்த தொடர் மற்றும் முழுமையான மதிப்பீட்டில், பாடம் நடக்கும்போதே செய்யும் வளரறி மதிப்பீட்டுக்கு 40, பருவ இறுதியில் செய்யும் தொகுத்தறி மதிப்பீட்டுக்கு 60 என்று மதிப்பெண்கள் பிரிக்கப்பட்டன. அந்த 40க்கான சிறுதேர்வைக் குறைதீர் கற்பித்தல் முடிந்த பிறகு, வேறு எண்களைக் கொண்டு நடத்துங்கள். துண்டுச் சீட்டைப் பதிவேட்டில் ஏற்ற வேண்டாம்.

வழிகாட்டி ஆசிரியரிடம் ஏட்டைக் கையொப்பத்துக்குக் கொடுக்கும்போது, அடுக்கிய சீட்டுகளையும் உடன் கொண்டு செல்லுங்கள். ஒவ்வொரு பிரிவிலும் எத்தனை பேர், அவர்களுக்கு மறுநாள் முதல் பத்து நிமிடங்களில் என்ன கொடுக்கப் போகிறீர்கள் என்பதை மறுநாள் பாடத்திட்டத்தின் தலைப்புக்குக் கீழேயே எழுதிவிட்டால், அந்தப் பாடத்தின் ஊக்கப்படுத்துதல் பகுதிக்குத் தனியாக எதையும் தேட வேண்டியதில்லை.