அருவா, கோடாலி அடிக்க அலாய் ஸ்டீல் வாங்கப் போறீங்களா? இந்தத் தப்பெல்லாம் பண்ணாதீங்க

கடைக்குப் போயி "அண்ணே நல்ல அலாய் ஸ்டீலா ஒரு துண்டு குடுங்க"ன்னு கேக்கறதுதான் முதல் தப்பு. அலாய்னா குரோமியம், நிக்கல்னு ஏதோ சேர்த்திருக்குன்னு அர்த்தம், அவ்ளோதான். வெட்டுற வாய் எவ்வளவு கடினமாகும்ங்கறத பெரும்பாலும் கார்பன்தான் முடிவு பண்ணும். ஈஎன் 24ங்கற கிரேட எடுத்துக்கங்க, நிக்கல் குரோமியம் மாலிப்டினம் எல்லாம் போட்டது, விலையும் ஜாஸ்தி, ஆனா கார்பன் சுமார் 0.4 சதவீதம்தான், சாதா ஈஎன் 8லயும் கிட்டத்தட்ட அதே அளவுதான். சம்மட்டிக்கு ஈஎன் 24 அருமை, அடி தாங்கும். அருவாளுக்கு அந்தக் காசு தண்டம். கியர் செய்யற 20 எம்என்சிஆர் 5 இன்னும் மோசம், பேரு மிரட்டும், உள்ள கார்பன் 0.2 தான், மேல் தோல்ல தனியா கார்பன் ஏத்தினாதான் கடினமாகும், அந்த வசதி எந்த கொல்லுப்பட்டறைல இருக்கு?

அருவா, கொடுவா, கோடாலிக்கு நான் சொல்றது ஸ்பிரிங் ஸ்டீல்தான், ஈஎன் 45 இல்லன்னா ஈஎன் 47. கார்பன் சுமார் 0.45லேருந்து 0.6 வரைக்கும் இருக்கும், கூரும் நிக்கும், வேகமா வெட்டினாலும் சட்டுனு உடையாது. ஒண்ணு ஞாபகம் வைங்க, ஈஎன் 45ல சிலிக்கான் நிறைய, அதனால உலைல காயும்போது மேல்பரப்புல கார்பன் எரிஞ்சு போகும், அந்த மெத்துத் தோல சாணைல எடுக்கறதுக்கு கொஞ்சம் கனம் சேர்த்தே வாங்கணும்.

கார்பன் கூடக்கூட நல்லதுன்னு நெனைக்கறதும் தப்பு. பேரிங் ஸ்டீல் ஈஎன் 31ல கார்பன் 1 சதவீதம், குரோமியம் 1.5 கிட்ட, சமையல் கத்திக்கு ஓகே, வெறகு வெட்டுற கொடுவாளுக்குப் போட்டா வாய் பல்லு பல்லா போயிடும். டி2ங்கற டூல் ஸ்டீல் இன்னும் வம்பு, 12 சதவீதம் குரோமியம், 1000 டிகிரிக்கு மேல கொண்டுபோய் கொஞ்ச நேரம் அதே சூட்டுல வெச்சிருக்கணும், நிறம் பாத்து சூடு கணிக்கற உலைல அது நடக்காது. உங்க கொல்லர் எந்த ஸ்டீலுக்கு தோய்ச்சல் (காய்ச்சின இரும்ப எண்ணெய்லயோ தண்ணிலயோ முக்கிக் கடினமாக்கறது) போட்டுப் பழகியிருக்காருன்னு கேட்டுட்டு அப்புறம் கடைக்குப் போங்க. ஸ்பிரிங் ஸ்டீல எண்ணெய்ல தோய்க்கணும், பழக்கதோஷத்துல தண்ணில முக்கினா விரிசல் விடும்.

பழைய லாரி ஸ்பிரிங் பட்டை மலிவுதான், சென்னை புதுப்பேட்டை மாதிரி பழைய வண்டி சாமான் விக்கற எடத்துல கெடைக்கும், ஆனா பல வருஷம் லோடு தாங்கின பட்டைல கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கலாம், அதுவும் நடு போல்ட் ஓட்டை பக்கம், அந்த எடத்த வெட்டித் தள்ளிடுங்க. ஷாக் அப்சார்பர் ராடு, ஜிங்க் முலாம் போட்ட இரும்பெல்லாம் உலைக்குள்ள வைக்கவே வேணாம், புகை உடம்புக்கு ஆகாது.

புதுசா பார் வாங்கும்போது பளபளன்னு இருக்கற பிரைட் பார் வாங்காதீங்க, காய்ச்சி அடிக்கப்போற சாமானுக்கு பளபளப்பு எதுக்கு, ஆலைலேருந்து வந்த கருப்புத் தோலோட இருக்கற பிளாக் பார் போதும். கத்திக்கு உருட்டுக் கம்பி வாங்கி கையால தட்டையாக்கறதும் வெட்டி வேல, பிளாட் கேளுங்க. கேஸ் கட்டிங்ல வெட்டித் தருவாங்க, வேணாம்னு சொல்லுங்க, அலாய் ஸ்டீல் அந்த சூட்டுல முனைல கடினமாகி விரிசல் விட்டுடும், பேண்ட் சா (பட்டை ரம்பம்) வெட்டுதான் சரி. எடையையும் நீங்களே கணக்கு போட்டுப் பாருங்க, உருட்டுன்னா விட்டத்த மில்லிமீட்டர்ல எடுத்து அதையே அதால பெருக்கி 162ஆல வகுத்தா ஒரு மீட்டருக்கு எத்தன கிலோன்னு வந்துடும், 25 எம்எம்னா சுமார் 3.86 கிலோ.

முனைல அடிச்ச பெயிண்ட் கலர நம்பி கிரேடு முடிவு பண்ணாதீங்க, கலர் கடைக்குக் கடை மாறும். டெஸ்ட் சர்டிபிகேட் கேளுங்க, அதுல இருக்கற ஹீட் நம்பரும் (ஆலைல ஒரே தடவைல உருக்கின ஸ்டீலுக்குப் போடற நம்பர்) பார்ல குத்தியிருக்கறதும் ஒண்ணான்னு பாருங்க. சின்னத் துண்டு வாங்கறவங்களுக்கு பாதி கடைல சர்டிபிகேட் தரமாட்டாங்க, அதுக்கு ஒரே வழி சோதனைத் துண்டுதான். விரல் நீளத்துக்கு வெட்டி, காந்தம் ஒட்டாத சூட்டுக்கு மேல இன்னும் கொஞ்சம் ஏத்தி எண்ணெய்ல போடுங்க, ஆறினதும் அரத்தால தேய்ங்க. வழுக்கிட்டுப் போனா கடினமாயிருக்கு. அப்புறம் துணி சுத்தி வைஸ்ல புடிச்சு உடைங்க, உடைஞ்ச எடம் சாம்பல் நிறத்துல நைஸா இருந்தா சரி, சக்கர மாதிரி மினுக்குச்சுன்னா சூடு அதிகமாயிடுச்சு, இன்னொரு துண்டுல கொறச்சுப் பாருங்க. அரம் நல்லா கடிச்சுதுன்னா பட்டறைல மீதியத் தொடாதீங்க, பில்லோட கடைக்குத் திரும்பிப் போங்க.