வண்டியில் 2 மீட்டர் ஆன்டெனா ட்யூன் செய்வது: கம்பியை வெட்டும் முன் எர்த்தைப் பாருங்கள்

கிருஷ்ணகிரி, தருமபுரி பக்கம் வண்டியில் ஹாம் ரேடியோ (உரிமம் எடுத்துப் பொழுதுபோக்காகப் பேசும் ரேடியோ) வைத்திருப்பவர்களுக்கு மலைதான் எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. ஓசூர் மேட்டில் நின்றால் கையில் பிடிக்கும் செட்டே வெகுதூரம் பேசும். தொப்பூர் கணவாயில் இறங்கினாலோ, அஞ்செட்டி வழியாக ஒகேனக்கல் போகும் காட்டுப் பாதையில் நுழைந்தாலோ, இரண்டு வளைவு முன்னால் போகிற வண்டிகூடக் கேட்காது. அந்த மாதிரி இடத்தில் ரேடியோவின் வாட்ஸை ஏற்றிப் பெரிய பிரயோஜனம் இல்லை. மேலே நிற்கும் ஆன்டெனா ஒழுங்காக இருந்தால்தான் போகிற சத்தமும் போகும், வருகிற சத்தமும் வரும்.

இந்தப் பதிவு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரையுள்ள 2 மீட்டர் பேண்டில் வேலை செய்யும் கால் அலை நீளக் கம்பி ஆன்டெனாவுக்கானது. பேட்டரியில் இருந்து ஃப்யூஸ் போட்டு ரேடியோவுக்கு வயர் இழுத்து முடித்துவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்கிறேன். உரிமம் கைக்கு வராதவர்கள் மைக்கை அழுத்த வேண்டாம். அதற்கான தேர்வும் விண்ணப்பமும் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூபிசி பிரிவு வழியாக நடக்கின்றன, முதலில் அதை முடித்துவிடுங்கள்.

யூடியூபில் தேடினால் வருவதில் பாதி அமெரிக்க லாரிக்காரர்களின் சிபி ரேடியோ வீடியோக்கள். அது 27 மெகாஹெர்ட்ஸ். அங்கே கால் அலை என்பது ஏறக்குறைய 2.75 மீட்டர், அதனால்தான் அவர்கள் காயில் சுற்றிய ஆன்டெனா வைக்கிறார்கள். நமக்கோ அரை மீட்டர் கம்பி போதும். ட்யூன் செய்யும் முறை இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் நீள அளவுகளை அங்கிருந்து எடுத்துவிடாதீர்கள்.

என்னென்ன வேண்டும்

நானோவிஎன்ஏ (ஆன்டெனாவை அளக்கும் சின்னக் கருவி) ஒன்று, மல்டிமீட்டர், ஸ்டீல் ஸ்கேல், அலன் கீ செட், முக்கோண அரம், உப்புத்தாள், பல் வாஷர் நாலைந்து. ரேடியோவோடு சேர்த்துப் பார்க்க ஓர் எஸ்.டபிள்யூ.ஆர். மீட்டர் இருந்தால் நல்லது. ஆன்டெனாவுக்கு அனுப்புவதில் எவ்வளவு திரும்பி வருகிறது என்று காட்டும் எண்தான் எஸ்.டபிள்யூ.ஆர்.: 1 என்றால் எதுவும் திரும்பவில்லை, எண் ஏற ஏற மோசம். இரண்டில் ஒன்றுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் யோசிக்காமல் நானோவிஎன்ஏ வாங்குங்கள். மீட்டர் ஒரு நேரத்தில் ஒரு அலைவரிசைக்கு மட்டும் எண் சொல்லும். நானோவிஎன்ஏ முழு பேண்டையும் கோடாகப் போட்டுக் காட்டும். கம்பி நீளமா குட்டையா என்பது பார்த்ததும் தெரிந்துவிடும்.

கேபிள் விஷயத்தில் எனக்குச் சமரசம் கிடையாது: ஆர்ஜி-58, அதுவும் நெருக்கமாகப் பின்னிய செம்பு வலை உள்ளது. மலிவான காந்த மவுன்ட்டுகளோடு (மவுன்ட் என்பது ஆன்டெனாவை வண்டியில் பிடித்து நிறுத்தும் அடிப்பாகம்) வரும் ஆர்ஜி-174 கேபிள் மெல்லியது, கதவு இடுக்கில் நுழைக்க வசதி. ஆனால் 145 மெகாஹெர்ட்ஸில் 4 மீட்டர் ஓடினால் ஒன்றரை டெசிபெல்லுக்குப் பக்கத்தில் தின்றுவிடும். அதைவிட மோசம், அது பொய் சொல்லும். ஆன்டெனாவில் எஸ்.டபிள்யூ.ஆர். 3 இருந்தாலும், ரேடியோ முனையில் அளந்தால் 2 சொச்சம்தான் காட்டும். திரும்பி வரும் அலையைக் கேபிளே விழுங்கிவிடுவதால் வரும் வினை இது.

படி 1: இடம்

கூரையின் நடுப்பகுதி. பொலேரோ மாதிரி இரும்புக் கூரை உள்ள வண்டியில் இதைவிட நல்ல இடம் இல்லை. கம்பியைச் சுற்றி எல்லாப் பக்கமும் அரை மீட்டராவது தகரம் இருக்க வேண்டும், அந்தத் தகரம்தான் ஆன்டெனாவின் மறுபாதி. கேரியர் போட்டிருந்தால் அதன் கம்பிகளிலிருந்து எவ்வளவு தள்ளி வைக்க முடியுமோ அவ்வளவு தள்ளி வையுங்கள். மாந்தோப்புக்குள் வண்டி விடுகிறவர்கள் அடியில் ஸ்பிரிங் உள்ள ஆன்டெனாவாகப் பார்த்து வாங்குங்கள், தாழ்ந்த கிளை எல்லாம் தட்டும்.

படி 2: எர்த்

இங்கேதான் நான் அதிக நேரம் சிக்கிக் கிடந்தேன். அதனால் நிதானமாகவே சொல்கிறேன். எர்த் என்று நான் சொல்வது, கேபிளின் வெளி வலை மவுன்ட் வழியாக வண்டியின் தகரத்தோடு சேரும் இணைப்பை.

கூரையில் துளை போட மனம் வராமல் பலரும் பானெட் ஓரத்திலோ டிக்கி கதவு ஓரத்திலோ கவ்வும் மவுன்ட் வாங்குகிறோம். அதன் அடியில் இரண்டு அல்லது நான்கு சின்ன அலன் ஸ்க்ரூக்கள் இருக்கும். மவுன்ட்டைப் பிடித்து வைப்பது அவற்றின் பாதி வேலைதான். பெயின்ட்டைத் துளைத்துத் தகரத்தைத் தொட வேண்டும் என்பது மீதி வேலை. ஸ்க்ரூவைக் கழற்றி முனையைப் பாருங்கள். கூராக இருந்தால் சரி. மழுங்கலாக இருந்தால் பெயின்ட்டை அமுக்கி உட்கார்ந்திருக்கும், உள்ளே போகாது. வெளியில் இருந்து பார்த்தால் மவுன்ட் கல் மாதிரி அசையாமல் நிற்கும், மின்சாரத்தைப் பொறுத்தவரை காற்றில் தொங்கும்.

சோதிப்பது சுலபம். ரேடியோவில் இருந்து கேபிளைக் கழற்றிவிடுங்கள். மல்டிமீட்டரை ஓம்ஸில் வைத்து இரண்டு முனைகளையும் ஒன்றோடொன்று தொட்டு, அந்த அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு முனையை, ரேடியோவில் மாட்டும் கேபிள் முனையில் உள்ள பிஎல்-259 கனெக்டரின் வெளி வளையத்திலும், மறுமுனையைக் கதவுச் சட்டத்தில் பெயின்ட் இல்லாத ஒரு போல்ட்டிலும் வையுங்கள். முதலில் குறித்ததைக் கழித்தால் ஒரு ஓமுக்குள் வர வேண்டும். எண் குதித்துக்கொண்டே இருந்தால் தொடுகை சரியில்லை.

சரியில்லை என்றால் மவுன்ட்டைக் கழற்றி, ஸ்க்ரூ உட்காரும் புள்ளியில் மட்டும், தகரத்தின் உள் பக்கமாக, உப்புத்தாளால் பளபளப்பு தெரியும் வரை தேயுங்கள். பல் வாஷர் வைக்க இடம் இருந்தால் வையுங்கள். இறுக்கிய பின் சுற்றிலும் கிரீஸ் தடவுங்கள். தேய்த்த இடத்தை அப்படியே விட்டால் ஒரு மழைக்காலம் முடிவதற்குள் துரு ஏறி, பழைய நிலைமைக்கே வந்து நிற்பீர்கள்.

இன்னொன்று. பானெட் மொத்த பாடியோடு சேர்வது பெரும்பாலும் கீல் வழியாகத்தான். கீலில் பெயின்ட், கிரீஸ், தூசி எல்லாம் இருக்கும். பின்னிய செம்புப் பட்டை ஒன்றை இரண்டு முனையிலும் லக் (போல்ட் துளை உள்ள முனைத்துண்டு) அடித்து, பானெட்டுக்கும் பாடிக்கும் நடுவில் போல்ட் போட்டுவிடுங்கள். பட்டை குட்டையாக இருக்க வேண்டும், ஆனால் பானெட் திறக்கும்போது இழுபடாத அளவுக்குத் தளர்வும் வேண்டும்.

எர்த் உண்மையிலேயே சரியா என்று தெரிய, பிறகு படி 4இல் நானோவிஎன்ஏவால் அளக்கும்போது கேபிளைக் கையால் பிடித்துப் பாருங்கள். கோடு அசையக் கூடாது. அசைந்தால் கேபிளின் வெளி வலையே ஆன்டெனாவாக வேலை செய்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதே சந்தேகத்தை அரை மீட்டர் கேபிளைக் கூடுதலாக இணைத்தும் தீர்க்கலாம். கேபிள் நீளத்தை மாற்றினால் எஸ்.டபிள்யூ.ஆர். பெரிதாக மாறுகிறது என்றால் கம்பியைத் தொடாதீர்கள், திரும்ப எர்த்துக்கே போங்கள்.

படி 3: நானோவிஎன்ஏவைத் தயார் செய்வது

முதலில் அளவு எல்லையை 140 முதல் 150 மெகாஹெர்ட்ஸ் வரை வையுங்கள். அதன் பிறகுதான் காலிப்ரேஷன், அதாவது கருவியின் அளவைச் சரிப்படுத்துவது. வரிசையை மாற்றிச் செய்தால் காட்டும் எண்ணை நம்ப முடியாது. ஓப்பன், ஷார்ட், லோடு என்ற மூன்று சோதனை முனைகளையும் ஒவ்வொன்றாக மாட்டி முடித்து, சேமித்துக்கொள்ளுங்கள். கருவியை ரேடியோவின் ஆன்டெனா சாக்கெட்டில் எக்காரணம் கொண்டும் மாட்டாதீர்கள், மைக்கை ஒரு முறை அழுத்தினாலே உள்ளே பொசுங்கிவிடும்.

படி 4: முதல் அளவு

வண்டியைத் திறந்த வெளியில் நிறுத்துங்கள். கிரானைட் பட்டறையின் தகரக் கொட்டகைக்கு அடியிலோ, உயரழுத்த மின்கம்பிக்குக் கீழேயோ, லாரிக்குப் பக்கத்திலோ வேண்டாம். கதவு, பானெட் எல்லாம் மூடியிருக்க வேண்டும். ஆள் யாரும் கம்பிக்குப் பக்கத்தில் நிற்கக் கூடாது. கேபிள் முனையை நானோவிஎன்ஏவில் மாட்டி, எஸ்.டபிள்யூ.ஆர். கோடு எங்கே குழிகிறது என்று பாருங்கள்.

குழி 145க்குக் கீழே, 141 அல்லது 142 பக்கம் இருந்தால் கம்பி நீளம். மேலே இருந்தால் குட்டை. குழியே இல்லாமல் கோடு உயரத்தில் தட்டையாக ஓடினால், கேபிளோ கனெக்டரோ போயிருக்கிறது.

படி 5: வெட்டுவது

கணக்கு இதுதான்: இப்போதைய நீளத்தைக் குழி இருக்கும் அலைவரிசையால் பெருக்கி, வேண்டிய அலைவரிசையால் வகுங்கள். உதாரணமாக, கம்பி 51 செ.மீ., குழி 141இல் இருக்கிறது, வேண்டியது 145 என்றால் 51 × 141 ÷ 145 = 49.6 செ.மீ. அதாவது 14 மி.மீ. குறைக்க வேண்டும். மனக்கணக்காகச் சொன்னால், ஒரு செ.மீ. வெட்டினால் குழி 3 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு மேலே நகரும்.

14 மி.மீ. என்று வந்தால் முதலில் 7 மட்டும் எடுங்கள். திரும்ப அளங்கள். திரும்பக் கணக்குப் போடுங்கள். வெட்டியதை ஒட்ட முடியாது. அடியில் அலன் ஸ்க்ரூ தளர்த்திக் கம்பியை உள்ளே இறக்க முடிகிற ஆன்டெனா என்றால் முதலில் அதைச் செய்து பாருங்கள், பல நேரம் வெட்டவே தேவைப்படாது.

கம்பி ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். கட்டிங் பிளேயரால் வெட்டினால் பிளேயரின் வாய்தான் பள்ளமாகும். முக்கோண அரத்தால் சுற்றிலும் ஒரு கோடு போட்டு, துண்டு விழப்போகும் பக்கத்தைத் துணியால் சுற்றிப் பிடித்து ஒடியுங்கள். துணி இல்லாவிட்டால் துண்டு எகிறிக் கண்ணில் படும். கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள். ஒடித்த முனையை அரத்தால் மழுக்கி, முனைத் தொப்பி இருந்தால் அதை மாட்டிய பிறகே அளங்கள்.

145இல் எஸ்.டபிள்யூ.ஆர். 1.5 வந்துவிட்டால் நிறுத்திவிடுங்கள். 1.0 வரவே வராதா என்று மாய்ந்து மாய்ந்து வெட்டுகிறவர்களுக்காகச் சொல்கிறேன்: தட்டையான தகரத்தின் மேல் நிற்கும் கால் அலைக் கம்பியின் மின்மறுப்பு 36 ஓம் அளவுதான், கேபிளோ 50 ஓம். எல்லாம் கச்சிதமாக இருந்தாலும் 1.4 பக்கம் வருவதுதான் இயல்பு. 1.5இல் திரும்பி வருவது 4 சதவீதம் மட்டுமே, எதிர்முனையில் கேட்பவருக்கு வித்தியாசமே தெரியாது. சந்தேகமான எர்த்தோடு 1.0 காட்டுகிற ஆன்டெனாவைவிட, உறுதியான எர்த்தோடு 1.4 காட்டுவதை நான் கண்ணை மூடிக்கொண்டு தேர்ந்தெடுப்பேன்.

படி 6: ரேடியோவோடு

நானோவிஎன்ஏவைக் கழற்றிப் பைக்குள் வைத்த பிறகு ரேடியோவை மாட்டுங்கள். பவரைக் குறைந்த அளவில் வைத்து, அலைவரிசை காலியா என்று கேட்டு, உங்கள் அழைப்புக்குறியைச் சொல்லிவிட்டுச் சில நொடி மட்டும் அழுத்துங்கள். மீட்டரில் 144, 145, 146 மூன்று இடத்திலும் 2க்குக் கீழே இருந்தால் பவரை ஏற்றலாம். வெளியில் தெரியும் கனெக்டர் மேல் தானாக ஒட்டிக்கொள்ளும் ரப்பர் டேப்பும், அதன் மேல் சாதா இன்சுலேஷன் டேப்பும் சுற்றுங்கள். கேபிளைக் கதவுக்குள் நுழைக்கும் இடத்தில் கீழ்ப்பக்கமாக ஒரு வளைவு விடுங்கள், மழைநீர் உள்ளே வழியாமல் அங்கேயே சொட்டிவிடும்.

பிறகு சேர்த்தது

காந்த மவுன்ட் வைத்திருக்கிற ஒருவர், மல்டிமீட்டரில் எர்த்தே காட்டவில்லை என்று பதறி எழுதினார். காந்த மவுன்ட்டில் அப்படித்தான் காட்டும். அதன் அடித்தட்டும் கூரையும் பெயின்ட்டை நடுவில் வைத்து ஒரு கெப்பாசிட்டராக வேலை செய்கின்றன. 145 மெகாஹெர்ட்ஸுக்கு அந்த வழி போதும், மீட்டரின் டிசி மின்சாரத்துக்குப் போதாது. அதற்காகப் பெயின்ட்டைச் சுரண்டிவிடாதீர்கள். அடியில் மண், தூசி இல்லாமல் துடைத்து வைத்தாலே போதும், இல்லையென்றால் கூரையில் கீறல் விழும்.

நடு முனைக்கும் வெளி வளையத்துக்கும் இடையே ஷார்ட் காட்டுகிறது என்று இன்னொருவர் கேட்டார். வெறும் கம்பி ஆன்டெனாவில் அங்கே ஷார்ட் காட்டக் கூடாது. அடியில் காயில் உள்ள சில ஆன்டெனாக்களில் அப்படிக் காட்டுவதே சரி. கம்பியைக் கழற்றி, கேபிளை மட்டும் தனியாக அளந்து பாருங்கள். அப்போதும் ஷார்ட் இருந்தால் கனெக்டருக்குள் வலையின் ஒரு இழை நடு முனையைத் தொட்டுக்கொண்டிருக்கும்.

லாரியில் கண்ணாடி பிராக்கெட்டில் வைக்கலாமா என்று கேட்டவர்களுக்கு: வைக்கலாம், ஆனால் பிராக்கெட்டுக்கும் கேபினுக்கும் நடுவில் ரப்பர் புஷ் இருக்கும், அங்கே எர்த் அறுந்துபோகும். அதைத் தாண்டி ஒரு செம்புப் பட்டை போட்ட பிறகு படி 2இல் இருந்து ஆரம்பியுங்கள். கூரை ஃபைபராக இருந்தால், தகரத் தகடு ஒன்றை உள்ளே ஒட்டி அதன் மேல் மவுன்ட் வைக்க வேண்டும். தகடு கம்பியிலிருந்து நான்கு பக்கமும் அரை மீட்டர் இருக்கட்டும்.