ஸ்லீவ் அறுவை சிகிச்சை: அந்த ஒரு நாள் எப்படிப் போகும்?

எடைக்குறைப்புக்காக ஸ்லீவ் அறுவை சிகிச்சை செய்துகொள்பவர்களுக்கு இரைப்பையில் ஏறத்தாழ 75 முதல் 80 சதவீதத்தை நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு, வாழைப்பழ வடிவில் ஒரு குழாயை மட்டும் மிச்சம் வைக்கிறார்கள். தியேட்டருக்குள் நடப்பதை மருத்துவர்கள் பார்த்துக்கொள்வார்கள். நாம் தயாராக வேண்டியது அதற்கு முன்னும் பின்னும் உள்ள மணி நேரங்களுக்குத்தான்.

முதலில் பட்டினி. பொதுவாக 6 மணி நேரத்துக்கு முன்பே உணவையும், 2 மணி நேரத்துக்கு முன் தண்ணீரையும் நிறுத்தச் சொல்வார்கள். உங்கள் மருத்துவமனை இதைவிடக் கூடுதலாகச் சொன்னால் அதுவே கணக்கு. பால் கலந்த காபியும் உணவுதான். மயக்கத்தில் இருக்கும்போது இரைப்பையில் உள்ளது மேலேறி நுரையீரலுக்குள் போய்விடக்கூடும் என்பதால், தெரியாமல் ஒரு வாய் குடித்துவிட்டாலும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள். சர்க்கரை மாத்திரை, இரத்தம் உறையாமல் இருக்கத் தரும் மாத்திரை, வாரம் ஒரு முறை போடும் எடைக்குறைப்பு ஊசி ஆகியவற்றை எப்போது நிறுத்துவது என்பதைச் சில நாள்களுக்கு முன்பே கேட்டு எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். உறக்கத்தில் மூச்சுத்திணறலுக்கு சிபாப் கருவி பயன்படுத்துபவர்கள் அதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.

நகைகளை வீட்டிலேயே கழற்றிவிடுங்கள். இறுகிப்போன மோதிரத்தைச் சோப்பு போட்டுக் கழற்ற வீட்டில் நேரம் இருக்கும். தியேட்டர் வாசலில் அது இருக்காது, வெட்டித்தான் எடுப்பார்கள். தாலியைக் கழற்ற மனம் வராத பெண்கள் முந்தைய நாளே மஞ்சள் கயிற்றுக்கு மாற்றிக்கொண்டு, செவிலியரிடமும் ஒரு வார்த்தை கேட்டுவிடுவது நல்லது. நகப்பூச்சு இருந்தால் விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி சரியாகக் காட்டாமல் போகலாம்.

வார்டில் உங்கள் பெயரையும் சிகிச்சையின் பெயரையும் வருகிறவர்கள் எல்லாம் கேட்பார்கள். சலிக்காமல் பதில் சொல்லுங்கள், ஆள் மாறாமல் காக்கும் வழி அது. காலில் இரத்தம் கட்டாமலிருக்க இறுக்கமான காலுறை மாட்டி, வயிற்றுத் தோலில் ஊசியும் போடக்கூடும். அறுவை சிகிச்சை பெரும்பாலும் 1 முதல் 2 மணி நேரம்தான் என்றாலும், மயக்கம் கொடுக்கவும் தெளிவிக்கவும் ஆகும் நேரத்தையும் சேர்த்து வெளியே காத்திருப்பவர்களிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். தாமதம் என்றாலே ஆபத்து என்று அவர்கள் பதறத் தேவையில்லை.

கண் விழித்ததும் தொண்டை கரகரக்கும், குமட்டும், நாக்கு வறண்டு ஒட்டும். வயிற்றில்தானே அறுவை சிகிச்சை, தோள்பட்டை வலிக்கிறதே என்று பலர் திகைக்கிறார்கள். லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சிறு துளைகள் வழியே அறுவை சிகிச்சை செய்வதற்காக, வயிற்றுக்குள் செலுத்திய வாயு, நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்தை உறுத்துவதால் வரும் வலி அது, நடக்க நடக்கக் குறையும். அன்று மாலையே கைத்தாங்கலாக எழுப்பி நடக்க வைப்பார்கள். வலிக்கிறது என்று மறுக்காதீர்கள். வலி மருந்தைக் கேட்டு வாங்கிக்கொண்டாவது நடந்துவிடுங்கள், ஏனென்றால் காலில் இரத்தம் கட்டுவதையும் நுரையீரலில் சளி சேர்வதையும் தடுப்பதில் அந்தப் பத்து அடிக்குப் பெரும் பங்கு உண்டு.

தண்ணீர் அனுமதித்ததும் 30 மில்லி கோப்பையில்தான் தருவார்கள். அதையும் ஒரே மடக்காக விழுங்காமல், நாக்கு நனைய நனையச் சிறுகச் சிறுகக் குடிக்க வேண்டும். வாய் காய்கிறதே என்று இரக்கப்பட்டு உறவினர் நீட்டும் இளநீரையும் கஞ்சியையும், மருத்துவர் சொல்லும்வரை தொடாதீர்கள். படபடப்பு அடங்காமல் இருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, கெண்டைக்காலில் வலி கண்டாலோ, வயிற்றுவலி குறையாமல் ஏறிக்கொண்டே போனாலோ, விடியட்டும் என்று காத்திராமல் உடனே மணியை அழுத்திச் செவிலியரை அழைத்துவிடுங்கள்.