நம்ம தேயிலை எஸ்டேட் பொம்பளைங்க போட்டோ கண்காட்சிக்குப் போறவங்களுக்கு

மூணாறு பக்கம் வாயனசாலைலயோ (நூலகம்) பஞ்சாயத்து ஹால்லயோ நம்ம பொம்பளைங்கள எடுத்த போட்டோவ மாட்டி வைப்பாங்க, முப்பது நாப்பது படம்தான் இருக்கும், பத்து நிமிசத்துல சுத்தி வந்துறலாம்னு தோணும், அப்படி மட்டும் பாத்துட்டு வந்துறாதீங்க.

தனியா போகாம, தேயிலைக் கொழுந்து எடுத்த அம்மாவோ அத்தையோ பாட்டியோ வீட்ல இருந்தா கையோட கூட்டிட்டுப் போங்க. நான் எங்கம்மாவ கூட்டிட்டுப் போனேன், முப்பது வருசத்துக்கு மேல கொழுந்து எடுத்தவங்க. ஒரு படத்துல ஒரு அக்கா தலைல சாக்கோட சரிவுல எறங்கி வர்றாங்க, பின்னாடி பனிமூட்டம், நல்ல படம்னு நான் அடுத்ததுக்குப் போயிட்டேன், அம்மா நகரவே இல்ல. "கால சாச்சு வச்சு எறங்குறா பாரு, முட்டி தேஞ்சவதான் இப்படி எறங்குவா"ன்னாங்க. அப்புறம் சட்டைல ஒட்டியிருந்த ஈரத்தக் காட்டி, மழ நாளு, கொழுந்து நனஞ்சிருக்கும், கனம் ஜாஸ்தி, ஆனா நிறுக்கறப்ப ஈரத்துக்குன்னு கிலோவக் கழிச்சிருவாங்கன்னு சொன்னாங்க. இதெல்லாம் படத்துக்குக் கீழ எழுதியிருக்காது.

ஞாயித்துக்கிழம காலைல போனா நல்லது, அன்னைக்குத்தான் எஸ்டேட் ஆளுங்களும் வருவாங்க, படத்துல இருக்கறவங்களே பக்கத்துல நிப்பாங்க. மழக்காலத்துல மூணு மணிக்கே இருட்டிரும், கரண்டும் போகும், அதனால சாயங்காலம்னு தள்ளிப் போடாதீங்க. பிரேம் கண்ணாடில டியூப் லைட் அடிச்சு மொகம் தெரியலைன்னா கொஞ்சம் பக்கவாட்டுல நின்னு பாருங்க.

படத்துல மொதல்ல கையப் பாருங்க, அப்புறம் மொகம். கொழுந்துக் கறை வெரல் வெடிப்புல கருப்பா எறங்கியிருக்கும், சோப்பு போட்டாலும் போகாது, வெளியூர்க்காரங்க அத அழுக்குன்னு நெனப்பாங்க.

கீழ இருக்கற எழுத்து பெரும்பாலும் மலையாளத்துலதான் இருக்கும், படிக்கத் தெரியலன்னா கூச்சப்படாம அங்க நிக்கற பிள்ளைங்ககிட்ட கேளுங்க, வாசிச்சு சொல்லும். பேரு போட்டிருக்கான்னு கண்டிப்பா பாருங்க. சும்மா 'தேயிலைத் தொழிலாளி'ன்னு மட்டும் இருந்தா யார் இந்த அக்கான்னு ஏற்பாடு பண்ணவங்ககிட்ட கேளுங்க, கேட்டாத்தான் அடுத்த தடவ பேர எழுதுவாங்க. எனக்கு இது பெரிய விஷயம்.

2015 போராட்டப் படம் ஏதாவது இருந்தா அங்க நெறைய நேரம் நில்லுங்க. அந்த செப்டம்பர்ல பெம்பிளை ஒருமைன்னு, அதாவது பொம்பளைங்க ஒத்துமைன்னு, ஆயிரக்கணக்குல பொம்பளைங்க மூணாறு ரோட்ல உக்காந்தாங்க, 20 சதவீத போனஸ் வேணும், 232 ரூபா தினக்கூலிய 500 ஆக்கணும்னு கேட்டாங்க, யூனியன் தலைவருங்கள பக்கத்துலயே விடல. போனஸ் விஷயத்துல ஜெயிச்சாங்க, கூலி 301 வரைக்கும்தான் வந்துச்சு. கூட்டத்துல தெரிஞ்ச மொகம் இருக்கும், தேடிப் பாருங்க, எங்க லயத்து (எஸ்டேட் லைன் வீடு) அக்கா ரெண்டு பேர நான் அப்படித்தான் கண்டுபிடிச்சேன்.

போன்ல படம் எடுக்கறதுக்கு முன்னாடி கேட்டுக்கோங்க, ஏற்பாடு பண்ணவங்ககிட்ட மட்டுமில்ல, படத்துல இருக்கற பெரியம்மா அங்கயே இருந்தா அவங்ககிட்டயும். ஸ்டேட்டஸ்ல போடப் போறீங்கன்னா அதையும் சொல்லிக் கேளுங்க. சிலர் வேணாம்பாங்க, விட்ருங்க.

கெளம்பும்போது கருத்து எழுதற நோட்டுல தமிழ்லயே எழுதுங்க, 'சூப்பர்'னு மட்டும் எழுதாம எந்தப் படம், ஏன் புடிச்சதுன்னு ரெண்டு வரி. அப்படியே கண்காட்சி முடிஞ்சதும் படத்துல இருக்கறவங்களுக்கு ஒரு சின்ன பிரிண்ட்டாவது குடுப்பீங்களான்னு கேட்டுட்டு வாங்க, வேலை செய்யறப்ப எடுத்த போட்டோ ஒண்ணுகூட எங்கம்மாகிட்ட இல்ல.