மழைக்குப் பிறகு பிடித்த ராணி எறும்பை என்ன செய்வது?

பெங்களூரில் மே மாத மழை விட்டதும் மாலையில் விளக்கைச் சுற்றி இறக்கை எறும்புகள் வரும், இல்லையா? அவற்றில் இறக்கையை உதிர்த்துவிட்டுத் தரையில் தனியாக அலைகிற, நடுவுடம்பு தடித்த பெரிய கட்டெறும்பு கிடைத்தால் அது பெரும்பாலும் இணைசேர்ந்த ராணிதான். போன வருஷம் அல்சூரில் எங்கள் மாடிப்படியில் ஒன்று கிடைத்தது.

அதை வளர்க்கப் பெரிய தொட்டியெல்லாம் இப்போது வேண்டாம். ஒரு கண்ணாடி டெஸ்ட் டியூபில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர் ஊற்றி, தண்ணீரைத் தொடும்படி பஞ்சை இறுக்கி அடைத்து, ராணியை உள்ளே விட்டு, டியூபின் வாயையும் பஞ்சால் மூடிவிடுங்கள். அப்புறம் கறுப்புத் துணி சுற்றி, ஆட்டம் அசைவில்லாத அலமாரியில் வையுங்கள், வாஷிங் மெஷின் பக்கம் மட்டும் வேண்டாம், அதிர்வு தொடர்ந்தால் பயந்துபோய் தன் முட்டையையே தின்றுவிடும்.

கட்டெறும்பு ராணிக்கு இந்தக் கட்டத்தில் தீனி தேவையில்லை. இனிமேல் பயன்படாத இறக்கைத் தசையும் உடம்புக் கொழுப்பும் கரைந்துதான் முதல் குஞ்சுகளுக்கு உணவாகிறது. வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், சரியா? அரிசிக் குருணையைவிடச் சின்ன வெள்ளை முட்டைகளை ஒரே குவியலாக்கி அவள் நக்கிக்கொண்டிருப்பாள், அதைப் பார்க்கத்தான் கை பரபரக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில வாரங்களில் குட்டி வேலைக்கார எறும்புகள் வந்ததும் குண்டூசித் தலையளவு சர்க்கரைத் தண்ணீரும், கொசு மருந்து படாத ஒரு ஈயின் துண்டும் கொடுங்கள். மீதியை மறுநாளே எடுத்துவிடுங்கள், பூஞ்சை பிடிக்கும்.