கேரவனில் நாய்களோடு தக்கலையில் இரண்டு ராத்திரி

நாய்களை ஏற்றிக்கொண்டு கேரவனில் குமரி மாவட்டத்துக்கு வருகிறவர்களுக்கு ஓடும்போது பெரிதாகச் சிக்கல் வராது. நின்ற பிறகுதான் வரும். எங்கே நிறுத்துவது, அங்கே கரண்ட் உண்டா, நாயோடு யார் இருப்பது, இந்த மூன்றையும் கிளம்பும் முன்பே முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சாலையில் கவனிக்க வேண்டிய இடம், திருநெல்வேலியிலிருந்து நாகர்கோவில் வரும் வழியில் உள்ள ஆரல்வாய்மொழிக் கணவாய். ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தக் கணவாய்க் காற்று மூன்று மீட்டர் உயர வண்டியைப் பக்கவாட்டில் தள்ளும். லாரியை ஒட்டி முந்தும்போது காற்று அறுபட்டு, தாண்டியதும் ஒரே அடியாக அடிக்கும். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் போகாதீர்கள். நிறுத்தினால் காற்று படாத பக்கக் கதவைத் திறங்கள். மறுபக்கத்தைத் திறந்தால் கதவு கையிலிருந்து பிடுங்கிக்கொள்ளும், அந்த இடைவெளியில் நாய் நேரே நெடுஞ்சாலையில் குதிக்கும். கதவைத் தொடும் முன் வாரை மாட்டுவது பழக்கமாகிவிட வேண்டும். ஓடும் வண்டியில் நாய் கூண்டிலோ, ஹார்னெஸ்ஸில் சீட் பெல்ட் மாட்டியோ இருக்கட்டும். கூண்டைத் தரையோடு ராட்செட் பட்டையால் இறுக்குங்கள். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் வளைவுகள் அதிகம் என்பதால் நான்கு மணி நேரம் முன்பே சாப்பாட்டை நிறுத்திவிடுங்கள். தண்ணீர் மட்டும் கொடுக்கலாம்.

தக்கலை நாகர்கோவிலிலிருந்து சுமார் 15 கிலோமீட்டர். பஜார் சாலை குறுகல், ஏழு மீட்டர் வண்டியைத் திருப்ப இடமிருக்காது. காலை எட்டு மணிக்குள் ஊரைத் தொடுங்கள். தங்குவதற்குச் சரியான இடம், வளாகம் பெரிதாக உள்ள லாட்ஜ் அல்லது கல்யாண மண்டபம். காலண்டரில் முகூர்த்த நாளா என்று முதலில் பாருங்கள். முகூர்த்தம் என்றால் மண்டபத்தில் இடம் கிடைக்காது, கிடைத்தாலும் விடியக்காலை நாதஸ்வரத்துக்கு நாய் ஊளையிடும். கேட்கும்போது நாயை மறைக்க வேண்டாம். “அண்ணாச்சி, ரெண்டு நாய் இருக்கு, கட்டித்தான் வச்சிருப்போம், ராத்திரி வண்டிய இங்க நிப்பாட்டிக்கிடலாமா?” என்று முதல் வாக்கியத்திலேயே சொல்லிவிட்டால் இடம் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். பிறகு குரைப்புச் சத்தம் கேட்டுத் தெரிந்தால் ராத்திரி பதினோரு மணிக்கு வண்டியை எடுக்கச் சொல்வார்கள்.

தென்னைக்கு அடியில் நிறுத்தாதீர்கள். நிழல் இருக்கிறதே என்று தோன்றும். ஒரு நெற்று விழுந்தால் சோலார் பேனல் போய்விடும், மட்டை விழுந்தால் மேலேயுள்ள ஏசி மூடி உடையும்.

இனி கரண்ட் கணக்கு. 12 வோல்ட், 200 ஆம்பியர் மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய 2000 வாட் மணிதான் பயன்படுத்தக் கிடைக்கும். ஒரு டன் ஏசி 1200 வாட் இழுத்தால், இன்வெர்ட்டர் இழப்பும் சேர்த்து ஒன்றரை மணி நேரத்தில் பேட்டரி காலி. அதை நம்பி நாயை உள்ளே பூட்டிவிட்டுத் தக்கலைக்குப் பக்கத்திலுள்ள பத்மநாபபுரம் அரண்மனை பார்க்கப் போனால் நீங்கள் திரும்பும் முன் ஏசி அணைந்திருக்கும். வெயிலில் மூடிக்கிடக்கும் வண்டிக்குள் அரை மணியில் 45 டிகிரி ஆகிவிடலாம். லாட்ஜ் கரண்டில் ஓடினாலும் இந்த ஆபத்து தீராது, கரண்ட் எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆகவே ஒருவர் அரண்மனைக்கு, ஒருவர் நாயோடு, பிறகு மாற்றிக்கொள்ளுங்கள். அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. ராத்திரிக்குக் கூரை விசிறி போதும். 3 ஆம்பியர் வீதம் பத்து மணி நேரத்துக்கு 30 ஆம்பியர் மணிதான் செலவாகும்.

வெளியிலிருந்து கரண்ட் எடுக்கும்போது பவர் பிளக்கில் மட்டும் எடுங்கள். சாதாரண பிளக்கில் ஏசியும் சார்ஜரும் சேர்ந்து ஓடினால் அது சூடேறி உருகும். 2.5 சதுர மில்லிமீட்டர் செப்பு ஒயர், 20 மீட்டர், சுருளை முழுவதும் அவிழ்த்துப் போடுங்கள். சுருட்டிய ஒயரில் சூடு வெளியேற வழியில்லை. எர்த் இருக்கிறதா என்று மூன்று முனை டெஸ்டரில் பாருங்கள். டயர் ரப்பர் ஆனதால் கசிவு மின்சாரம் வண்டி உடம்பிலேயே நிற்கும். ஈரக்காலோடு படியில் ஏறும் நாய்க்குத்தான் முதலில் ஷாக் அடிக்கும். 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லாமல் இந்த வேலையில் இறங்கக்கூடாது.

கழிவு நீரைக் குளத்திலோ கால்வாயிலோ திறந்துவிடாதீர்கள். கழிவறைப் பெட்டியை லாட்ஜின் செப்டிக் டேங்கில் ஊற்ற அனுமதி கேளுங்கள். ஃபார்மலின் கலந்த மருந்து போட்டிருந்தால் ஊற்றாதீர்கள், டேங்கில் உள்ள பாக்டீரியா செத்துப்போகும்.

நடைக்கு விடியற்காலை ஐந்தரை மணி நல்லது. தெருநாய்கள் அப்போதும் உண்டு. நீளும் வார் வேண்டாம், ஒன்றரை மீட்டர் நிலையான வார்தான் கட்டுக்குள் வைக்கும். ரேபிஸ் தடுப்பூசி அட்டை கையில் இருக்கட்டும். ரப்பர் தோட்டங்களில் உண்ணி அதிகம் என்பதால் உண்ணி மாத்திரையைக் கிளம்பும் முன்பே கொடுத்துவிட்டு, தினமும் காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பாருங்கள். பேச்சிப்பாறைக்கு மேலே காட்டுப் பகுதிக்கு நாயைக் கொண்டுபோகாதீர்கள்.

கடற்கரைக்குப் போனால் இரண்டு விஷயம். வலையிலிருந்து எடுத்து எறிந்த பேத்தை மீனை (உடம்பை ஊதிக்கொள்ளும் விஷ மீன்) நாய் கவ்வினால் உயிருக்கே ஆபத்து, அதன் விஷத்துக்கு முறிவு மருந்து கிடையாது. மணவாளக்குறிச்சிக் கரையின் கறுத்த தாது மணல் வெள்ளை மணலைவிடச் சீக்கிரம் சுடும். புறங்கையை ஏழு நொடி வைக்க முடியவில்லையா, நாயை இறக்காதீர்கள்.

டீக்கடையில் பாசத்தோடு நீட்டும் பருப்பு வடையைச் சிரித்துக்கொண்டே மறுத்துவிடுங்கள். அதில் உள்ள வெங்காயம் நாயின் சிவப்பணுக்களை உடைக்கும். மரச்சீனிக் கிழங்கு என்றால் தோல் சீவி, நன்றாக வேகவைத்து, உப்பில்லாமல் கொஞ்சம் கொடுக்கலாம். சாளை மீனும் முள் எடுத்தால் நல்லதே.

நாக்கு தொங்கி, ஈறு கருஞ்சிவப்பாகி, நடை தள்ளாடினால் வெப்பத் தாக்கு. உடனே நிழலில் வைத்துச் சாதாரணத் தண்ணீரை வயிற்றிலும் தொடையிடுக்கிலும் ஊற்றி விசிறியைப் போடுங்கள். ஈரத் துண்டைச் சுற்றி வைத்தால் சூடு உள்ளேயே நிற்கும். வெப்பமானி 103 பாரன்ஹீட் காட்டியதும் ஊற்றுவதை நிறுத்திவிட்டு, மருத்துவரிடம் கிளம்புங்கள். நாகர்கோவில் அரை மணி நேரத்துக்கு மேல் ஆகலாம், ஆகவே குளிர்வித்த பிறகே வண்டியை எடுங்கள்.